பாறைத்திட்டில் ஓர் ஆடி அமாவாசை

கடல் எனக்கு முன்னால் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். ஆகவே என் குதிகாலில் குளிர்நீர் பட்டபோது, பின்னால் இருந்த என் மைத்துனர் சபாநாதன் செம்பைக் கவிழ்த்துவிட்டார் என்றே எண்ணினேன்.

"என்ன சபா, தண்ணியை ஊத்திப்போட்டீரோ?" என்று திரும்பாமலே கேட்டேன்.

"இல்லை அத்தான். செம்பு கையிலைதான் கிடக்கு."

திரும்பினேன். நாங்கள் நடந்து வந்த மணலைக் காணவில்லை.

எங்களுக்கும் கரைக்கும் இடையில் சாம்பல் நிறத்து நீர் ஓர் ஆற்றைப் போல ஓடிக்கொண்டிருந்தது. அலை இல்லை, நுரை இல்லை, ஓசையும் இல்லை. ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்னர் எங்கள் காலடித் தடங்கள் பதிந்த இடத்தில் கடற்பறவை ஒன்று மிதந்துகொண்டிருந்தது.

சென்ற கிழமை, இலண்டன் நோர்பரியில் நாங்கள் தொடங்கிய வாசகர் வட்டத்தைப் பற்றி எழுதி நிறுத்தியிருந்தேன். அதன் தொடர்ச்சியை எதிர்பார்த்திருப்போர் பொறுத்தருள வேண்டும். இந்நிகழ்ச்சியை எழுதாமல் இத்தொடரில் ஓர் அடியும் முன்னே எடுத்துவைக்க இயலாது என்று தோன்றிவிட்டது. நடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் வீட்டில் குளியல் தொட்டி நிரம்பும்வரை அதன் அருகிலேயே நிற்கிறேன்.

நான்கு பக்கத் தமிழ்

சபாநாதன் என் மனைவியின் தம்பி. கோலியர்ஸ் வுட்டில் வசிப்பவர். நிலக்கீழ்த் தொடர்வண்டி நிலையமொன்றில் நெடுங்காலம் பணியாற்றி, இரு முழங்கால்களையும் அந்நிலையத்துப் படிக்கட்டுகளுக்கே கொடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகள் மேகலா பல் மருத்துவர். ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையில் பிட்மார்னி என்னும் சிறிய ஊரில் பணிபுரிகிறாள்.

அவ்வூர் நூலகத்தார் தம் ஊரின் வரலாற்றையும் வசதிகளையும் கூறும் கையேட்டைப் பல மொழிகளில் வெளியிட விரும்பினர். கோடை வார இறுதிகளில் தமிழ்க் குடும்பங்களும் அங்கு வந்து போவதால், தமிழாக்கும் பொறுப்பு மேகலாவிடம் வந்தது. அவள் அதை என்னிடம் தள்ளிவிட்டாள்.

"மாமா, சனத்துக்கு விளங்கிற மாதிரி எழுதுங்கோ. டொய்லெட் எங்க இருக்கு, பஸ் எங்க நிக்கும். அவ்வளவும் காணும்," என்றாள் தொலைபேசியில்.

"பிள்ளை, அச்சிலை வாறது அச்சுக்குரிய தமிழாத்தான் இருக்கோணும்," என்றேன் நான்.

ஒரு மாத காலம் உழைத்தேன். அவ்வூரார் முற்காலத்தில் உப்பு விளைவித்த வரலாறு என்னை மிகவும் ஈர்த்தது. நம் கரையில் வெயில் செய்யும் வேலையை அங்கே நிலக்கரி செய்திருக்கிறது. இரும்புத் தட்டங்களில் கடல்நீரை ஊற்றி, இரவு பகலாகத் தீயிட்டுக் காய்ச்சியிருக்கின்றனர். பின்னர் ஹெரிங் மீன் வந்தது, ஊர் செழித்தது. மீன் போயிற்று, தொடர்வண்டிப் பாதையும் போயிற்று. இவற்றையெல்லாம் நான்கு பக்கங்களில், முன்னர் என்னிடம் தமிழ் படித்த மாணவர்கள் கண்டிருந்தால் மனப்பாடம் செய்திருக்கக்கூடிய நடையில் எழுதினேன்.

ஆங்கிலக் கையேட்டில் உயிர்காப்புப் படகுக் கொட்டில் பற்றி இரு வரிகள் இருந்தன. அது வரலாறும் அன்று, வசதியும் அன்று எனக் கருதி விட்டுவிட்டேன். துறைமுகத்துக்கு எதிரேயுள்ள பாறைத்திட்டைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது. அதனைத் தமிழாக்கினேன். அவ்வாக்கியம் என்ன ஆயிற்று என்பதைப் பின்னர் கூறுவேன்.

"அவன் கேள்வி கேக்கமாட்டான்"

என் மாமனார், அதாவது சபாநாதனின் தந்தை, போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் இறந்தார். சபாநாதனுக்கு அப்போது இந்நாட்டில் வதிவிட உரிமை கிடைத்திருக்கவில்லை. கொள்ளி வைக்க அவரால் போக இயலவில்லை. அன்று முதல் ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று இலண்டன் கோயில் மண்டபத்தில், ஒரு சில்வர் பேசின் பாத்திரத்துக்குள் எள்ளும் நீரும் இறைத்து வந்தார்.

"ஒருக்காலாவது கடலிலை செய்யோணும் அத்தான்," என்று அவ்வாண்டு கேட்டார். மகள் கடலோரத்தில் இருக்கிறாள். என் கையேடும் எழுதி முடிந்திருந்தது; அச்சுக்குப் போவதே எஞ்சியிருந்தது. பயணம் தானாகவே அமைந்துவிட்டது.

என் மனைவி மங்களத்துக்கு முழங்கால் அறுவை நடந்திருந்தபடியால் அவள் வரவில்லை. நோர்பரிக் கடையில் வாங்கிய குளிரூட்டிய காத்தோட்டிக்காயைச் செய்தித்தாளில் சுற்றித் தந்தாள். ஆடி அமாவாசை விரதத்தை முடிக்கும் சோற்றோடு அக்கசப்புக் காயைப் பொரித்து உண்பது எங்கள் ஊர் வழக்கம். தந்துவிட்டுச் சொன்னாள்:

"தம்பியைக் கவனமாப் பாருங்கோ. நீங்கள் கிணத்துக்கை இறங்கு எண்டாலும் அவன் கேள்வி கேக்கமாட்டான்."

சிரித்தேன். தொடர்வண்டியில் சபாநாதன் மூக்குக் கண்ணாடியை இருமுறை துடைத்து, என் கையேட்டுப் படியை இருமுறை வாசித்தார். "வடிவாக் கிடக்கு அத்தான்," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஊரின் வசதிகள்

மாலையில் போய்ச் சேர்ந்தோம். ஊர் முழுவதையும் கால் மணி நேரத்தில் நடந்து முடித்துவிடலாம். வங்கியாக இருந்த கற்கட்டடத்தில் இப்போது ஐஸ்கிறீம் விற்கிறார்கள். நூலகம் கிழமைக்கு மூன்று அரைநாள் மட்டும் திறக்கிறது. பொதுக் கழிப்பறையின் பூட்டுத் திறப்பைத் துறைமுகத்து வீட்டுக்காரர்கள் முறைவைத்துக் காக்கின்றனர். அதனால் அது எங்கள் வீட்டுக் குளியலறையினும் தூய்மையாக இருந்தது.

பாறைகளுக்கு நடுவே ஊரார் தம் கையாலேயே சுவர் எழுப்பிக் கட்டிய நீச்சல் குளம் ஒன்றும் உண்டு. கடல் ஏறும்போது அதை நிரப்பிவிட்டுப் போகும். ஆண்களும் பெண்களும் அக்குளிரிலும் அதில் நீந்திக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, நாளைக்கு அந்த பூலுக்குள்ள இறங்குங்கோ," என்றாள் மேகலா. "பிடிக்கிறதுக்குக் கம்பி இருக்கு. சனமும் நிக்கும். லெவனுக்கு பிரேக், நானும் ஓடி வாறன்."

"அது தொட்டி, பிள்ளை," என்றேன். "சுவருக்குள்ளை நிக்கிற தண்ணி எப்பிடிக் கடலாகும்? அந்தப் பேசினுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

சபாநாதன் மகளைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார். "அத்தான் சொல்லுறது சரிதானே," என்றார்.

அன்று மாலை பசித்தது. ஊரிலிருந்த ஒரே பொரியல் கடைக்குச் சென்று, மீன் வேண்டாம், உருளைக்கிழங்குப் பொரியல் மட்டும் போதும் என்றேன். கடைக்காரர் கென் என்பவர், ஐம்பது வயது மதிக்கத்தக்க, சிவந்த முகத்தினர். கரண்டியை நிறுத்தினார்.

"நீங்கள் மாட்டிறைச்சி உண்ணாதவர்களா?"

"ஆம்."

"அப்படியானால் இங்கே எதையும் வாங்காதீர்கள். என் பாட்டன் காலத்திலிருந்து மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறோம்."

கேளாதிருந்தால் உண்டிருப்போம். அம்மனிதர் தாமாகவே தடுத்தார். அதற்கு நன்றி கூறுவதற்கு மாறாக, நான் வெகுண்டு வெளியேறினேன். அன்றிரவு என் குறிப்பேட்டில், "உணவு வசதி: இல்லை" என்று எழுதினேன்.

பலகை

மறுநாள் காலை மேகலா வேலைக்குப் போனாள். ஒன்பதரை மணியளவில் நாங்கள் துறைமுகத்துக்கு வந்தோம். சபாநாதன் வேட்டிக்கு மேல் கம்பளிச் சட்டையும் தலையில் கம்பளித் தொப்பியும் அணிந்திருந்தார். கையில் செம்பு, எள், தருப்பை, ஐயர் தொலைபேசியில் சொல்லக் கேட்டு எழுதிய தாள்.

கடல் வெகு தொலைவுக்கு விலகியிருந்தது. துறைமுகத்துப் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. எதிரே, இருநூறு முந்நூறு அடி வைத்தால் அடைந்துவிடக்கூடிய தொலைவில் பாறைத்திட்டு. அதற்கப்பால் திறந்த கடல். தந்தைக்கு நீர் இறைக்க இதனினும் தக்க இடம் உண்டா?

மணலில் இறங்கும் படிக்கட்டின் அருகே ஒரு பலகை நின்றது. அன்றைய கடலேற்ற நேரங்கள் அதில் வெண்கட்டியால் எழுதப்பட்டிருந்தன. திட்டிலிருந்து எந்நேரத்துக்குமுன் திரும்ப வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருந்தது. வாசித்தேன். ஒவ்வொரு சொல்லும் விளங்கிற்று. நம்பவில்லை.

ஏன் நம்பவில்லை என்பதை நம்மவர்க்கு மட்டுமே விளக்க முடியும். யாழ்ப்பாணத்துக் கடல் ஏறுவதும் இறங்குவதும் முழங்கால் அளவுக்கும் உட்பட்ட செய்தி. கரையில் கழற்றிவைத்த செருப்பு மாலைவரை அங்கேயே கிடக்கும். கணுக்கால் நீரில் அரை மைல் நடந்தும் இடுப்பு நனையாமல் வளர்ந்தவர்கள் நாங்கள். கடல் என்றால் புயல் நாளில் மட்டும் அஞ்ச வேண்டியது என்பது எங்கள் எலும்பில் ஊறிய எண்ணம். வானம் அன்று தெளிவாக இருந்தது. பலகை எனக்குச் சொன்னதை என் கால்கள் ஏற்கவில்லை.

இன்னுமொன்று. என் சட்டைப் பையில் பஞ்சாங்கம் இருந்தது. அமாவாசை தொடங்கும் நேரத்தை நாழிகைக் கணக்கில் சொல்லக்கூடியவன் நான். அதே நிலவுதான் மாதத்தின் மிகப் பெரிய கடலேற்றத்தையும் கொண்டு வருகிறது என்பதைப் பள்ளியில் படித்தும் இருக்கிறேன். இரண்டு செய்திகளும் ஒரே தலைக்குள் இருந்தன, ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

நனையக்கூடாது என்று, கைத்தொலைபேசிகளைச் செருப்புகளோடு ஒரு பையில் இட்டுப் படிக்கட்டருகே மணலில் வைத்தோம்.

கையசைப்பு

சபாநாதனின் முழங்கால்களுக்காக மெல்ல நடந்தோம். திட்டின் உச்சிவரை கடற்பாசி அடர்ந்து வழுக்கியது. நீருக்கு மேலே எப்போதும் நிற்கும் பாறையில் கடற்பாசி எவ்வாறு முளைக்கும்? அக்கேள்வி அன்று எனக்கு எழவில்லை. அதன் பச்சை நிறத்தை மட்டும் வியந்தேன்.

சபாநாதன் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்தார். தந்தையின் பெயரை மட்டும் தாளைப் பாராமலே சொன்னார். நான் விலகிக் கடலைப் பார்த்து நின்றேன். எள் கலந்த நீர் கடலில் விழும் மெல்லிய ஓசை மூன்று முறை கேட்டது. பிறகு அவர் நெடுநேரம் அமர்ந்திருந்தார். கடலில் மூழ்கி எழுவதொன்றே எஞ்சியிருந்தது. நான் அவசரப்படுத்தவில்லை.

வலப்புறத்தில், சுவர் கட்டிய குளத்தில் நீந்திக்கொண்டிருந்த இரு பெண்கள் எழுந்து நின்று எங்களை நோக்கிக் கைகளை வீசினர். வேற்றூராரிடம் இத்தனை அன்பா என்று நெகிழ்ந்து, நானும் கையை உயர்த்தி மரியாதையாக அசைத்தேன். அவர்கள் இன்னும் வேகமாக வீசினர். நானும் வீசினேன்.

அதன் பின்னர்தான் குதிகாலில் நீர் பட்டது.

அக்கடல் முன்னாலிருந்து வரவில்லை. திட்டுக்கும் கரைக்கும் நடுவேயுள்ள தாழ்ந்த பள்ளத்தில் முதலில் நுழைந்து, எங்கள் வழியை அறுத்துவிட்டு, அதன் பிறகே பாறை மீது ஏறத் தொடங்கியிருந்தது. எங்கள் பை படிக்கட்டருகே மிதப்பதைக் கண்டேன். எனக்கு நீந்தத் தெரியாது. சபாநாதனுக்கும் தெரியாது.

உச்சிக்கு ஏறி ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு நின்றோம். கணுக்கால். கெண்டைக்கால். நீரின் குளிர் எலும்பைக் கடித்தது. முன்னிரவு முதல் பட்டினி கிடந்த மனிதரின் உடல் என் கைக்குள் நடுங்கிற்று.

"அப்பாவுக்குத் தண்ணி குடுக்க வந்தனாங்கள்," என்றார் சபாநாதன், பற்கள் அடித்துக்கொள்ள. "மனிசன் இன்னும் கேக்கிறார் போல."

அவர் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"அத்தான், உங்கட நோட்டீசிலை இந்தத் திட்டைப் பற்றி ஒரு வசனம் இருந்ததெல்லே?"

"ஓம்."

"ரெண்டு தரம் வாசிச்சனான். வடிவாத்தான் இருந்தது. என்ன சொல்லுதெண்டு விளங்கேல்லை. உங்களைக் கேக்க வெக்கமாக் கிடந்தது."

அந்நொடியில் அவ்வாக்கியம் என் கண்முன் வந்து நின்றது. "கடல்நீர் ஏறுமுகங் கொள்ளும் பொழுதில் இத்திட்டு நாற்புறமும் நீரரண் சூழத் தனித்து விளங்கும் எழில், காண்பார் உளத்தைக் கொள்ளை கொள்ளும்." என் வாக்கியம். ஆங்கில மூலத்தில் இருந்ததோ, கடல் ஏறும்போது இப்பாறை துண்டிக்கப்பட்டு மூழ்கும், பலகையிலுள்ள நேரத்தைப் பாராமல் போகாதீர்கள் என்பது. மூழ்கும் என்னும் சொல் எழிலுக்குப் பொருந்தவில்லை என்று விட்டிருந்தேன். போகாதீர்கள் என்பது நடையின் ஓட்டத்தைக் கெடுத்தது, அதையும் விட்டிருந்தேன்.

எச்சரிக்கை என் கையில் வந்து சேர்ந்திருக்கிறது. நான் அதைக் காட்சியாக மாற்றியிருக்கிறேன். பின்பு என்னை நம்பிய மனிதரை அக்காட்சிக்குள் அழைத்து வந்திருக்கிறேன்.

முழங்கால் அளவு ஏறியதும் சபாநாதனின் கால் வழுக்கிற்று. மார்பளவு நீரில் சரிந்தவரை வேட்டி முடிச்சில் பற்றி இழுத்தேன். செம்பு கையைவிட்டுப் போயிற்று. அவர் எடை என்னையும் இழுத்தது. எவ்வளவு நேரம் பிடித்திருந்தேன் என்று தெரியாது. என் விரல்கள் ஒவ்வொன்றாக உணர்விழந்ததை மட்டும் அறிவேன்.

கொட்டிலிலிருந்து வந்தவர்கள்

செம்மஞ்சள் நிறப் படகு ஒன்று எங்கள் பக்கவாட்டில் வந்து நின்றது. தலைக்கவசம் அணிந்த மூவர். ஒருவர் நீரில் குதித்துச் சபாநாதனைக் கைக்குழந்தையைப் போல் ஏந்திப் படகில் இட்டார். பிறகு என்னைப் பற்றினார். அவருடைய சிவந்த முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் இருந்தது.

"உருளைக்கிழங்கு மட்டும் போதும் என்ற ஐயாவா?" என்றார் கென்.

திகைத்துப் போனேன். படகிலிருந்து போர்வை நீட்டிய பெண்ணின் கழுத்தில் பல் மருத்துவர்கள் அணியும் நீலநிற முகமூடி தொங்கியது. முதல்நாள் மாலை மேகலா அறிமுகம் செய்துவைத்த அவளுடைய தாதி ஐலா. குளத்தில் நீந்திய பெண்கள் தொலைபேசியில் அழைத்திருக்கின்றனர். இடுப்பிலிருந்த அழைப்புக் கருவி ஒலித்ததும், இவர் கிழங்கு சீவும் கத்தியைப் போட்டுவிட்டும், அவள் நோயாளியைப் போட்டுவிட்டும் ஓடி வந்திருக்கிறார்கள். ஊதியம் பெறும் வீரர்கள் யாரோ எங்கோ இருந்து வருவர் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி எவரும் அங்கில்லை. ஊரின் வசதிகள் என்று நான் வரிசைப்படுத்திய கடைகளில் நின்றவர்களே அவர்கள். அவர்கள் ஓடிப் புகுந்த கொட்டிலைத்தான் நான் கையேட்டிலிருந்து நீக்கியிருந்தேன்.

அக்கொட்டிலில் எங்களை உட்கார வைத்துத் தேநீர் தந்தனர். சபாநாதன் கோப்பையை வாங்காமல் என்னைப் பார்த்தார்.

"முழுகாமல் குடிக்கலாமோ அத்தான்?"

நான் வாய் திறக்குமுன் அவரே குனிந்து தம் உடலைப் பார்த்தார். கம்பளித் தொப்பியிலிருந்து நீர் சொட்டியது.

"முழுகினது காணும்," என்று சொல்லி, இரு கைகளாலும் கோப்பையை வாங்கினார்.

மேகலா வெண்ணிற அங்கியோடு ஓடி வந்தாள். ஐலா ஓடியபோது கடலில் யார் என்று அவளுக்குத் தெரியாதாம். ஊசி போட்ட நோயாளி வாயைத் திறந்தபடி காத்திருக்க, தனியாகப் பல்லை அடைத்து முடித்துவிட்டு, பதினொரு மணி இடைவேளைக்கு எங்களைத் தேடிக் குளத்தடிக்கு வந்திருக்கிறாள். அங்கே சொல்லியிருக்கிறார்கள்.

தந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, போர்ட்டிலை டைம் எழுதியிருந்ததே. நீங்கள் பாக்கேல்லையோ?"

"பாத்தனான்."

"பாத்தும்?"

கண்ணைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.

கொட்டிலின் சுவர் முழுவதும் கரும்பலகைகள். ஒவ்வொன்றிலும் வெள்ளை எழுத்தில் படகின் பெயர், காற்றின் திசை, மீட்கப்பட்டோர். மிகப் பழைய பலகையில், துறைமுக வாயிலிலேயே கவிழ்ந்த மீன்படகுகளின் பெயர்கள் இருந்தன. கரையில் நின்ற மனைவியரின் கண்முன் அவை கவிழ்ந்தனவாம். அன்றிலிருந்துதான் ஊரார் இப்படகை வைத்துக் காக்கின்றனர் என்று கென் சொன்னார். உப்பிலிருந்து தொடர்வண்டிவரை நான்கு பக்கம் எழுதிய என் வரலாற்றில் இச்சுவர் இல்லை.

கென் வெண்கட்டியை எடுத்துக் கடைசிப் பலகையில் எழுதினார்: இருவர், உயிருடன். அதற்கு மேலிருந்த வரிகளை வாசித்தேன். எல்லா வரிகளும் அவ்வாறு முடியவில்லை.

நாலு வரி

அன்று பிற்பகல், மேகலாவின் சமையலறையில் காத்தோட்டிக்காய் பொரிந்துகொண்டிருந்தது. கென் ஒரு பை பச்சை உருளைக்கிழங்கு கொடுத்தனுப்பியிருந்தார். எந்தக் கொழுப்பும் தீண்டாதது என்று சீட்டு எழுதியிருந்தார். என் குறிப்பேட்டை எடுத்து, உணவு வசதி பற்றிய வரியை அடித்தேன்.

பிறகு சபாநாதனின் முன் போய் அமர்ந்தேன்.

"சபா, அந்தத் திட்டைப் பற்றி நீர் சொல்லும். நான் எழுதுறன்."

"நானோ? எனக்கென்ன தெரியும் அத்தான்?"

"உமக்கு விளங்கிற மாதிரிச் சொல்லும்."

சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "முன்னாலை பாத்துக்கொண்டு நிண்டா கடல் வாறது தெரியாது. பின்னாலை வரும். பலகையிலை இருக்கிற நேரத்தைப் பாத்துத் திரும்பி வாங்கோ. ஏலாதெண்டா, போகவே போகாதேங்கோ."

ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதினேன். கையேட்டின் முதற்பக்கத்தில், வரலாற்றுக்கும் மேலே அது அச்சாகியிருக்கிறது. அதன் கீழே படகுக் கொட்டிலுக்குப் போகும் வழி.

இத்தனை ஆண்டுகளாக மங்களத்திடம், ஊர் சுற்றிப் பார்க்கப் படகில் ஏறினோம் என்றே சொல்லி வந்தேன். சபாநாதனும் அத்தான் சொல்வது சரிதானே என்று உடன் நின்றார். இவ்வத்தியாயத்தை அச்சுக்கு அனுப்புமுன் நேற்று அவளுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். பலகையை வாசித்த இடத்திலேயே கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டாள்.

முடிந்ததும், மருமகள் கேட்ட அதே ஒற்றைச் சொல்லைத்தான் கேட்டாள்.

"பாத்தும்?"